கறையானுக்குத் துணை யார்?



"கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஒருவர் பாடுபட்டுச் சேர்த்ததை இன்னொருவர் வந்து பறித்துக்கொண்டால் இப்பழமொழியைச் சொல்வார்கள். ஆனால் பாம்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் புற்றில் வேறு சிலர் குடியிருக்கிறார்கள். அவர்கள் கறையானிடம் எதையும் பறிப்பதில்லை. அதற்குச் சோறு போடுகிறார்கள். அவர்கள் யார் என்பதை இவ்வாண்டுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

பழைய மலர்கள்

சென்ற நவம்பரில் மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, பழைய ஆண்டு மலர்களை எடுத்துவரும்படி நூலகச் சிஸ்டர் எங்கள் வகுப்பு மாணவியர் சிலரை அனுப்பினார். கடைசி மர அலமாரியில், சுவரை ஒட்டிய தட்டில், அவை ஆண்டுவாரியாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. முதல் கட்டைக் கையில் எடுத்தோம். பஞ்சு போல இலேசாக இருந்தது. அட்டையைத் திறந்தால் உள்ளே தாள்கள் இல்லை. ஈர மண்ணும், சல்லடையான ஓரங்களும், அங்குமிங்கும் ஓடும் வெள்ளைப் பூச்சிகளும்தான் இருந்தன.

அப்படி மூன்று கட்டுகள் போய்விட்டன. அவற்றில் ஒன்றில், எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் இதே பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தபோது எழுதிய கட்டுரை இருந்தது. அவர் வீட்டிலும் வேறு படி இல்லை. அதை அம்மாவுக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று ஆசையோடு வந்தவள், செல்லரித்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

எங்களுக்குக் கோபம் வந்தது. மருந்தடித்துக் கறையான் வம்சத்தையே ஒழித்துவிட வேண்டும் என்றோம். எங்கள் அறிவியல் டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "ஒழிப்பது இருக்கட்டும். முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். பசிக்கும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தின்றால் பசி ஆறுமா?" என்று கேட்டார்.

"ஆறாது, டீச்சர்" என்றோம்.

"கறையானுக்கு மட்டும் எப்படி ஆறுகிறது?"

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

காகிதத்தில் இருக்கும் சர்க்கரை

காகிதமும், மரமும், வைக்கோலும், பருத்தித் துணியும் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனவை. பருத்திப் பஞ்சில் 100-க்கு 90 பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். செல்லுலோஸ் என்பது என்ன? குளுக்கோஸ் சர்க்கரையின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. நாம் உண்ணும் அரிசியிலுள்ள மாவுப்பொருளும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் இரண்டிலும் கண்ணிகள் கோத்திருக்கும் முறை வேறு. மாவுப்பொருளின் கண்ணியை வெட்டும் நொதி நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. செல்லுலோஸின் கண்ணியை வெட்டும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே நாம் கீரைத்தண்டைத் தின்றால் அதன் நார் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடுகிறது.

மரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி லிக்னின் என்னும் கடினமான பொருள் பூசப்பட்டிருக்கிறது. கட்டடத்தில் கம்பியைச் சுற்றிச் சிமெண்டுக் கலவை இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சர்க்கரையை அடைய வேண்டுமானால் முதலில் இந்தப் பூச்சை உடைக்க வேண்டும். அதைச் செய்யவல்ல உயிர்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானவை பூஞ்சைகள்.

அப்படியானால் மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறதே? மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவையே வைக்கோலைப் புளிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. மாட்டுக்குப் போடும் தீவனம் முதலில் அந்த நுண்ணுயிரிகளுக்கே போய்ச் சேருகிறது. கறையானின் கதையும் ஏறத்தாழ இதுதான். ஆனால் மாட்டின் கதையைவிட வியப்பானது.

கறையானின் வயிற்றுக்குள் பார்த்தவர்கள்

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜோசப் லைடி என்னும் அறிஞர் இருந்தார். கற்களுக்கு அடியில் திரிந்த கறையான்களைக் கண்டு, இவை உண்மையில் எதைத்தான் உண்கின்றன என்று அறிய விரும்பி, அவற்றின் குடலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உணவைத் தேடியவர் கண்ணில் உயிர்க்கூட்டம் பட்டது! குடல் நிறைய, நூற்றுக்கணக்கான இழைகளை ஆட்டி நீந்தும் ஒருசெல் உயிரிகள். 1881-இல் அவற்றைப்பற்றி விரிவாக எழுதினார். அவை கறையானை அண்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணிகள் என்பது அவர் எண்ணம்.

அவை ஒட்டுண்ணிகள் அல்ல என்பதை 1923, 1924 ஆண்டுகளில் எல்.ஆர். கிளீவ்லண்ட் என்னும் அமெரிக்கர் மெய்ப்பித்தார். அவர் செய்த சோதனை மிக எளிது. கறையான்களை 36 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒருநாள் முழுவதும் வைத்தார். கறையான்கள் பிழைத்துக்கொண்டன, குடலிலிருந்த ஒருசெல் உயிரிகள் மட்டும் இறந்தன. பிறகு வழக்கம்போல் மரத்துண்டைக் கொடுத்தார். கறையான்கள் தின்றன. தின்றுகொண்டே சில வாரங்களுக்குள் பட்டினியால் இறந்தன! அதே உயிரிகளை மீண்டும் குடலில் பெற்றவை மட்டும் பிழைத்தன.

வயிறு நிறைய உணவிருந்தும் பட்டினி. இதைப் படித்தபோது எங்களுக்குக் கறையான்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஒருசெல் உயிரிகள் மரத்தூளை விழுங்கி, காற்றில்லாத குடலில் புளிக்கவைத்து, அசிட்டேட் என்னும் எளிய பொருளாக மாற்றுகின்றன. கறையானுக்கு ஆற்றல் தருவது அதுதான். மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. நைட்ரஜன் இன்றிப் புரதம் இல்லை. இதற்கும் துணை உண்டு. கறையானின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்பது 1973-இல் தெரியவந்தது. அவரை, துவரைச் செடிகளின் வேர்முண்டுகளில் நடப்பதாக நாம் பாடத்தில் படிக்கும் அதே வேலை!

கறையான் முற்றிலும் கையாலாகாதது என்றும் எண்ணிவிடக் கூடாது. செல்லுலோஸை வெட்டும் நொதி ஒன்றை உண்டாக்கும் மரபணு கறையானுக்கே சொந்தமாக இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினர். தன்னால் ஆனதைத் தானும் செய்கிறது. ஆனால் அது மட்டும் போதவில்லை.

எங்கள் நுண்ணோக்கியில் தெரியாதவை

லைடி கண்டதை நாமும் காண்போம் என்று ஆவலோடு ஆய்வகத்துக்குப் போனோம். நூலகத்தில் பிடித்த கறையான்களையே எடுத்துக்கொண்டோம். ஒரு சொட்டு உப்புநீரில் குடலைப் பிரித்துவைத்தார் டீச்சர். வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். இழைகளை ஆட்டி நீந்தும் பெரிய உயிரி ஒன்றுகூட இல்லை. மண் துகள்களும், இருக்கிறதோ இல்லையோ எனும்படி துடிக்கும் சிறு புள்ளிகளும்தான் தெரிந்தன. பாடம் பொய்யா, எங்கள் கண் பொய்யா என்று குழம்பினோம்.

"இரண்டும் பொய்யில்லை" என்றார் டீச்சர். உலகில் ஏறத்தாழ 3000 வகைக் கறையான்கள் உள்ளன. அவற்றில் பழைய குடும்பங்களைச் சேர்ந்தவற்றின் குடலில்தான் லைடி கண்ட ஒருசெல் உயிரிகள் உண்டு. நம் நாட்டில் மரச்சாமான்களை அரிக்கும் காப்டோடெர்மஸ் என்னும் வகை அவற்றுள் ஒன்று. மற்றொரு பெருங்குடும்பம் அந்த உயிரிகளை வெகுகாலம் முன்பே இழந்துவிட்டது. நம் வயல்வெளியில் புற்றுக் கட்டும் ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாங்கள் பிடித்தவையும் அக்குடும்பத்தினவாகவே இருக்க வேண்டும். நாங்கள் கண்ட துடிக்கும் புள்ளிகள் பாக்டீரியாக்கள்.

"அப்படியானால் லிக்னினை யார் உடைக்கிறார்கள், டீச்சர்?" என்று கேட்டோம்.

"அவர்கள் இதன் வயிற்றில் இல்லை, வீட்டில் இருக்கிறார்கள்" என்றார் டீச்சர்.

இடிந்த புற்று

நம் வானகரத்தில் முன்பு வயல்களாக இருந்த இடங்கள் இப்போது மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவருவதை அனைவரும் காண்கிறோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டருகே காலிமனை ஒன்று இருந்தது. அதில் எங்கள் இடுப்பளவு உயரமான புற்று. பக்கத்துத் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலில் புற்றுக்குப் பால் வார்த்து வழிபடுகிறார்கள் அல்லவா? அதனால் இப்புற்றுக்கும் அக்கம்பக்கத்தார் மஞ்சள் குங்குமம் இட்டிருந்தனர். டிசம்பரில் அந்த மனையைச் சமன் செய்ய ஜேசிபி இயந்திரம் வந்தது. ஓட்டிவந்த அண்ணன் சற்றுத் தயங்கி, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டே புற்றில் கைவைத்தாராம்.

தோழி ஓடிவந்து சொல்ல, மாலையில் அவள் வீட்டார் துணையோடு போய்ப் பார்த்தோம். பாம்பு இல்லை. உடைந்த மண்ணுக்குள், தேங்காய் அளவான குழிகளில், பழுப்பு நிறத்தில் கடற்பஞ்சு போன்ற கட்டிகள் இருந்தன. மூளையின் மடிப்புகளைப் போல மேடும் பள்ளமுமாய், தொட்டால் உதிரும்படி இருந்தன. அவற்றின்மேல் குண்டூசித் தலை அளவில் வெண்ணிற மணிகள் முளைத்திருந்தன. ஒரு கட்டியையும் சில கறையான்களையும் தகர டப்பாவில் எடுத்துவந்து டீச்சரிடம் கொடுத்தோம்.

டீச்சருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "இதுதான் அவர்களுடைய தோட்டம்!" என்றார்.

கறையான் செய்யும் வேளாண்மை

வேலைக்காரக் கறையான்கள் காய்ந்த இலை, புல், மரப்பட்டை, காகிதம் ஆகியவற்றைக் கடித்து விழுங்கிப் புற்றுக்குத் திரும்புகின்றன. அங்கே இளம் வேலைக்காரிகள் அந்த இரையைப் பூஞ்சையின் வித்துகளோடு சேர்த்து உண்கின்றன. சரியாகச் செரிக்காமலே அது விரைவில் வெளியேறுகிறது. அப்படி வெளியேறியதை அடுக்கியடுக்கிக் கட்டியதுதான் நாங்கள் கண்ட கட்டி. அதில் டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சை வளர்கிறது. இப்பெயரை 1942-இல் இட்டவர் ரோஜே ஹெய்ம் என்னும் பிரெஞ்சுக்காரர்.

பூஞ்சை சில வாரங்களில் லிக்னினை உடைத்து, இறுகிய இழைகளை நெகிழவைக்கிறது. வெண்மணிகளை இளம் கறையான்கள் உண்கின்றன. அவற்றிலுள்ள வித்துகள் அடுத்த கட்டிக்கு விதையாகின்றன. நன்றாகப் பதமான பழைய கட்டியை முதிர்ந்த கறையான்கள் உண்கின்றன. மேலே புதிது சேரச் சேர, அடியில் பழையது உணவாகிறது. மிச்சமிருக்கும் சிறு சங்கிலிகளைக் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் வெட்டி முடிக்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் இவ்வாறு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது 2014-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றில் தெளிவாயிற்று. எங்கள் நூலகத்து மலர்களும் இப்படித்தான் ஏதோ ஒரு புற்றில் தோட்டத்து உரமாகிப் பூஞ்சைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்!

மனிதர் வேளாண்மை தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. கறையான் பூஞ்சை வளர்க்கத் தொடங்கி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றனவாம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஏறத்தாழ 330 வகைக் கறையான்கள் இவ்வேளாண்மையைச் செய்கின்றன.

மழைக்குப்பின் புற்றோரம் குடைவிரித்து நிற்கும் புற்றுக்காளான் இந்தப் பூஞ்சையின் காளானே. மழையில் ஈசல்கள் பறப்பதையும் கண்டிருக்கிறோம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். அது ஓர் ஆணும் பெண்ணுமாய்ச் சேர்ந்து புதுவீடு தொடங்கப் புறப்படுகிறது. ஓடோன்டோடெர்மஸ் ஈசல்கள் தாய்வீட்டிலிருந்து பூஞ்சையை எடுத்துச் செல்வதில்லை. புதுப் புற்றில் பிறக்கும் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே சென்று, இதுபோன்ற காளான்கள் உதிர்த்த வித்துகளைக் கண்டெடுத்து வந்தால்தான் தோட்டம் தொடங்கும். கிடைக்காவிட்டால் அக்குடும்பம் தழைக்காது. (காட்டுக் காளான்களில் நஞ்சுள்ளவை பல உண்டு. ஆகையால் தெரியாத காளானைத் தங்கையர் யாரும் பறித்து உண்ண வேண்டா.)

தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்தி

புற்றின் உள்ளே வளரும் இப்பூஞ்சையைக் கண்டு முதன்முதலில் உலகுக்கு எழுதியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். அவர் பெயர் யோகான் கெர்கார்டு கூனிக். தாவரங்களுக்குப் பெயர்முறை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் பணியாற்றினார். தஞ்சைப் பகுதியின் புற்றுகளை அகழ்ந்து ஆராய்ந்து, 1779-இல் ஜெர்மன் மொழியில் கறையானைப்பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

ஈசலைப் பிடிக்க நம் மக்கள் செய்த உபாயங்களையும், ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்குக் குறைந்த விலைக்கு விற்றதையும், அளவுக்கு மீறித் தின்றவர்கள் வயிற்றுக்கடுப்பால் அவதிப்பட்டதையும் கூட அவர் எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் தென்மாவட்டத்துத் தோழி ஒருத்தி, தன் பாட்டி வறுத்த ஈசலைப் பொரியரிசியோடு கலந்து தருவார் என்று சொன்னபோது முகம் சுளித்தவர்கள் நாங்கள். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியைக் கேட்டபின் அவளிடம், "எங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவா" என்றோம்.

கண்ணாடிப் புட்டியில் கண்டது

நாங்கள் கொண்டுவந்த கட்டியை டீச்சர் இரண்டாகப் பிரித்து, ஈரப்பஞ்சு வைத்த இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் போட்டார். ஒன்றில் கறையான்களோடு ஒரு பாதி. மற்றொன்றில் கறையான் இல்லாமல் ஒரு பாதி. மூன்றாவது புட்டியில் கறையான்களும் ஈரமான காகிதமும் மட்டும். நாள்தோறும் பார்த்து எழுதிவந்தோம்.

காகிதப் புட்டியிலிருந்த கறையான்கள் முதலில் இறந்தன. உடனே நாங்கள், "பூஞ்சை இல்லாததால் இறந்தன" என்று எழுதினோம். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "இராணி இல்லை, கூட்டம் இல்லை, புற்றின் காற்றும் இல்லை. எதனால் இறந்தன என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கிளீவ்லண்ட் செய்ததுபோல ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்திருந்தால் சொல்லலாம்" என்றார். ஆகவே அதைப்பற்றி நாங்கள் எதுவும் முடிவு சொல்லவில்லை.

ஆனால் கறையான் இல்லாத கட்டியில் நடந்ததை எங்கள் கண்ணாலேயே கண்டோம். ஒரு வாரத்துக்குள் வெண்மணிகள் சுருங்கி மறைந்தன. அவை இருந்த இடத்தில் வெண்ணிறக் குச்சிகள் போல வேறொரு பூஞ்சை நீண்டு வளர்ந்தது; நாளாக ஆக அதன் அடி கறுத்தது. கறையான்கள் இருந்த பாதியில், அவை உயிரோடிருந்த வரையில், அந்தக் குச்சிகள் தலைகாட்டவில்லை.

அது தோட்டத்தின் களை. புற்றில் அது எப்போதும் ஒளிந்திருக்கிறது. கறையான்கள் ஓயாமல் களையெடுப்பதால்தான் தலைதூக்காமல் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸ் அவர்களின் குழுவினர் இதே ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸை ஆராய்ந்து, 2017-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். கறையான்கள் களைப்பூஞ்சையை அதன் மணத்தைக் கொண்டே வேறுபடுத்தி அறிந்து, மண்ணைப் போட்டு மூடிவிடுகின்றனவாம். கண்ணில்லாத வேலைக்காரக் கறையான் இருட்டில் மோந்தே களையெடுக்கிறது!

பூஞ்சை இல்லாமல் கறையான் இல்லை என்று படித்தோம். கறையான் இல்லாமல் பூஞ்சையும் இல்லை என்று பார்த்தோம். எங்கள் புட்டி எங்களுக்குச் சொன்ன பாடம் அதுவே.

புற்று எதற்கு உயர்கிறது?

இலட்சக்கணக்கான பூச்சிகளும் தோட்டம் முழுவதும் உள்ள பூஞ்சையும் மூச்சுவிட்டால் கரியமில வாயு நிறைந்துவிடாதா? 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தந்தது. அதுவும் பெங்களூருப் புற்றுகளில் செய்ததே. பகலில் புற்றின் வெளிச்சுவர்கள் சூடேறி, அவற்றினுள் காற்று மேலே எழுந்து நடுக்குழாய் வழியே கீழிறங்குகிறது. இரவில் வெளிச்சுவர்கள் குளிர்ந்துபோவதால் காற்று எதிர்த்திசையில் சுழல்கிறது. நுண்துளைகள் நிறைந்த மண்சுவர் வழியே கெட்ட காற்று கசிந்து வெளியேறுகிறது. ஆகவே புற்று வெறும் மண்மேடு அன்று. பகலும் இரவும் மாறிமாறி மூச்சுவிடும் நுரையீரல். இடிந்த புற்றின் சுவரைச் சாதாரண மண்கட்டி என்று நாங்கள் காலால் தள்ளியதை நினைத்து வருந்தினோம்.

கறையானுக்கு மட்டுமா?

இல்லை. தாவரத்தை உண்ணும் எத்தனையோ பூச்சிகளுக்கு இப்படித் துணை உண்டு. இலையை உண்ணும் ஆமைவண்டை எடுத்துக்கொள்வோம். இலைச் செல்களின் சுவரில் பெக்டின் என்னும் பசை உள்ளது. கொய்யாப்பழ ஜெல்லி உறைவது இந்தப் பெக்டினால்தான். முள்செடி ஒன்றின் இலையை உண்ணும் ஐரோப்பிய ஆமைவண்டை ஆராய்ந்தவர்கள் 2017-இல் ஒன்றைக் கண்டனர். பெக்டினைக் கரைக்கும் நொதியை அவ்வண்டு உண்டாக்குவதில்லை; அதன் குடலையொட்டிய சிறு பைகளில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்குகிறது. தாய்வண்டு முட்டையிடும்போது ஒவ்வொரு முட்டையின் தலைமாட்டிலும் அந்தப் பாக்டீரியா அடங்கிய ஒரு சிமிழை வைத்துவிடுகிறது. குஞ்சு பொரிந்து வெளிவரும்போது அதை உண்டுவிட்டே வருகிறது. சிமிழை எடுத்துவிட்டால் குஞ்சுகளுக்கு இலை செரிப்பதில்லை, பல இறந்துவிடுகின்றன. தாய் கட்டிக்கொடுத்த முதல் சோறு அது!

கறையானும் தன் குஞ்சுகளுக்கு இப்படியே கொடுக்கிறது. பழைய குடும்பக் கறையான்கள் தோலுரிக்கும்போதெல்லாம் குடலின் உள்தோலும் கழன்று, துணை உயிரிகள் அனைத்தும் போய்விடும். பக்கத்திலிருக்கும் மற்றொரு கறையான் தன் குடலிலிருந்து ஊட்டினால்தான் மீண்டும் கிடைக்கும். தனியே பிரிந்த கறையானுக்கு ஊட்ட ஆளில்லை. கறையான் கூட்டமாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் அறிஞர்.

நாங்கள் செய்தது

கறையான் நல்லது என்பதால் நூலகத்தை அதற்கு விட்டுவிட முடியாது அல்லவா? டீச்சர் சொற்படி சுவரில் ஏறிய மண்கோட்டைப் பின்பற்றிப் பார்த்தோம். அலமாரிக்குப் பின்னால் மழைநீர்க் குழாய் கசிந்து சுவர் ஈரமாயிருந்தது. தரையின் விரிசலிலிருந்து மண்கோடு புறப்பட்டிருந்தது. கறையானுக்கு ஈரம் இல்லாமல் முடியாது. சிஸ்டர் குழாயைச் சரிசெய்தார். கொத்தனார் விரிசலை அடைத்தார். அலமாரிகள் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டன. மிஞ்சிய மலர்கள் இரும்பு அலமாரிக்கு மாறின. மாதம் ஒருமுறை அவற்றை எடுத்துத் தட்டிப் பார்க்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றது. அடுத்த ஆண்டு இதை ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைப்போம்.

உதிர்ந்த இலையையும் பட்டுப்போன மரத்தையும் மீண்டும் மண்ணாக்கித் தருவது கறையானும் அதன் துணைவருமே. அவர்கள் இல்லாவிட்டால் காடுகளில் சருகு மலைபோல் குவிந்துவிடும். இடம் மாறி வந்தால் இழப்பு. அதனதன் இடத்தில் இருந்தால் பயன். ஆதலால் எங்கள் விளையாட்டுத் திடலின் வேலியோரம் முளைத்திருக்கும் முழங்கால் உயரப் புற்றை இடிக்க வேண்டா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டோம். "நூலகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்வீர்களானால் அது இருக்கட்டும்" என்றார்.

தன் கட்டுரை செல்லரித்த செய்தியைக் கேட்ட தோழியின் தாயார், "எதைப்பற்றி எழுதினேன் என்பது நினைவிருக்கிறது, என்ன எழுதினேன் என்பதுதான் நினைவில்லை" என்று சிரித்தாராம். வீட்டுத் தோட்டத்தைப்பற்றி எழுதியிருந்தாராம். நினைவிலிருப்பதை மறுபடி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். எழுதித் தந்தால் இரும்பு அலமாரியில் இம்மலரின் பக்கத்திலேயே அதையும் வைப்போம்.

தோழியரே! மலையளவு மரத்தையும் தின்று தீர்க்கும் என்று நாம் அஞ்சும் கறையான் தனியாக ஒரு தாளைக்கூடச் செரிக்க இயலாது. நாமும் தாயிடமும், ஆசிரியரிடமும், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ பேரிடமும் பெற்றே வாழ்கிறோம். பெற்றதை அடுத்தவருக்குக் கொடுக்கவும் கற்றுக்கொள்வோமாக!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், அவர்களுள் ஒருத்தி.